மூன்றாவது குமிழ்

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிள் முன்னால் நின்றே பழகிய உடம்பு இது. சாப்பிடும்போதுகூட உன் ஒரு கால் வாசலைப் பார்த்துத்தான் இருக்கும் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அப்படிப்பட்ட என் தலையில்தான், மலைமேல் ஓர் இருட்டு வீட்டுக்குள் காலையிலிருந்து பொழுது சாயும்வரை அடுப்பை ஊதிக்கொண்டு உட்காரும் வேலை வந்து விழுந்தது. யார் செய்த பாவம் என்று தெரியவில்லை.

நாங்கள் குடியிருப்பது திருப்பூர்ப் பக்கம் அருள்புரத்தில் ஒரு லைன் வீட்டில். ஒரே நீளக் கூரை, அதன்கீழ் அறை அறையாகக் குடும்பங்கள். குறுக்குச் சுவர்கள் தலைக்கு மேலே கொஞ்ச உயரம் போய் நின்றுவிடும், கூரையைத் தொடாது. ஒருத்தர் கருவாடு வறுத்தால் கடைசி அறைவரை மணக்கும். புருஷன் பெண்டாட்டிச் சண்டை என்றால் வரிசை முழுக்க டிவி சத்தத்தைக் குறைத்துக் காதைத் தீட்டிக்கொள்ளும். நான் பொங்கலூர்ப் பக்கம் தோட்டத்து வீட்டில் பிறந்தவள். சுற்றிலும் வெட்டவெளி, கூப்பிட்டால்தான் ஆள் வரும். எனக்கு லைன் வீடு இன்றுவரை ஒட்டவில்லை. அவருக்கோ முதல் நாளே ஒட்டிக்கொண்டது. "எங்க ஊரு மாதிரியே இருக்கு" என்றார். கல்யாணமான புதிது. கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன்.

மலைக்குப் போனபோதுதான் அவர் சொன்னது நிஜம் என்று தெரிந்தது. பழனி தாண்டி மலைப்பாதையில் திணறித் திணறி ஏறும் பஸ், ஒரு வளைவில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து நடை. ஊர் எல்லையில் ஒரு பாறை இருக்கிறது. செருப்பை அங்கேயே கழற்றிவிட வேண்டும், ஊருக்குள் யாரும் செருப்புப் போடக்கூடாது. மழைக்காலத்தில் அட்டைப்பூச்சிகளுக்கு அது பெரிய வசதி. பாறையைத் தாண்டினால் பலகைக்கல் பாவிய ஒரு சந்து, அதன் ஒரு பக்கம் முழுக்க ஒரே நீளமாக வீடுகள். கருங்கல் அடித்தளம், அதன்மேல் கைமுழம் தடிமனில் மண்சுவர். நிமிர்ந்து நுழைந்தால் நெற்றி புடைக்கும் அளவுக்குத் தாழ்ந்த வாசல். வரிசை முழுவதுக்கும் ஒரே மோட்டுவளை, ஒரே புல்கூரை. வீட்டுக்கு வீடு சுவர் உண்டு. ஆனால் அதுவும் பரண் உயரத்தோடு நின்றுவிடும். அதற்குமேலே இந்தக் கோடி முதல் அந்தக் கோடிவரை இருட்டாக, தடுப்பே இல்லாமல், ஒரே வெளி. ஒரு லைன் வீட்டிலிருந்து தப்பிக்க இன்னொரு லைன் வீட்டுக்கு வந்திருக்கிறோம் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

அந்தக் கூரையைக் காப்பாற்றுவது புகை. ஒவ்வொரு வீட்டு அடுப்புப் புகையும் பரணுக்கு ஏறி, அந்தத் தடுப்பில்லாத வெளியில் பரவி, புல்லின் இடுக்கு வழியாக மெதுவாகக் கசிந்து வெளியேறும். மரத்தில் கரி படிந்துவிட்டால் பூச்சி அரிக்காது, புல்லில் பூஞ்சணம் பிடிக்காது. நடுவில் ஒரு வீட்டுக்காரன் பூட்டிவிட்டுப் போய்விட்டால், அந்த வீட்டின் மேலிருக்கும் புல்தான் முதலில் நமுத்துப்போகும். அந்த ஈரம் இரண்டு பக்கமும் நகரும். அதனால் வரிசைக்கு ஒரு சட்டம். வேலைக்கு எங்கே வேண்டுமானாலும் போ, அமாவாசைக்கு அமாவாசை வந்து ஒரு பகல் முழுக்க உன் வீட்டில் அடுப்பெரி. தொடர்ந்து மூன்று அமாவாசை எரியாமல் போனால் வீடு உனக்கில்லை. வரிசையில் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள்.

இன்னொன்றும் உண்டு. யார் வேண்டுமானாலும் எரித்துவிட முடியாது. அந்த வீட்டில் பிறந்தவர் எரிக்கலாம். வாழ வந்தவள் என்றால், அடுப்பில் அவள் கையால் ஒரு குமிழ் வைத்திருக்க வேண்டும். சட்டி உட்கார அடுப்பின்மேல் மூன்று குமிழ் இருக்குமே, அதில் மூத்ததை உடைத்துவிட்டுப் புதிதாக வரும் மருமகள் மண் பிசைந்து தன் குமிழை வைப்பாள். வைக்காதவள் பற்ற வைத்தால் அது விருந்தாளி நெருப்பு, கணக்கில் வராது.

நான் வைக்கவில்லை. எங்களுடையது கம்பெனியில் பார்த்துப் பழகிச் செய்த கல்யாணம். மலைக்கு முதல்முறை போன அன்றைக்கே மறுநாள் ஷிப்டுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. "மண்ணு காயணும், பொறவு பாத்துக்கலாம்" என்றார் மாமியார். பிறகு அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. மாமியார் இருந்தவரை அவரே எரித்தார். அவர் போனபிறகு என் வீட்டுக்காரர் அமாவாசைக்கு அமாவாசை லீவு போட்டு மலையேறினார். நான் பாட்டுக்கு நிம்மதியாக வேலைக்குப் போனேன். எங்கள் மகள் பிறந்ததோ திருப்பூர் ஆஸ்பத்திரியில், அதனால் அவளும் கணக்கில் இல்லை. கல்லூரியில் படிக்கிறாள். "ஹோம்ஸ்டே போட்டுரலாம்மா, செம்மயா போகும்" என்பாள்.

அவள் சொன்னதிலும் தப்பில்லை. அந்த ஊருக்கு இப்போது பாரம்பரிய கிராமம் என்று போர்டு வைத்திருக்கிறார்கள். தகரம் போடாதே, சிமெண்ட் பூசாதே, ஜன்னலைப் பெரிதாக்காதே என்று எழுதியிருக்கிறது. ஊர் தானாகவே செய்துகொண்டிருந்ததை ஊருக்கே கட்டளையாகப் போட்டிருக்கிறார்கள். போர்டு வந்தபிறகு செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நகரத்து ஆட்கள் வந்துபோகிறார்கள். கரும்பளிங்கு மாதிரி மின்னும் உத்திரத்தைத் தடவிப் பார்த்து என்ன பாலீஷ் என்று கேட்கிறார்கள்.

வம்பு அவருடைய நெஞ்சில் ஆரம்பித்தது. இருபது வயதுக்கு முன்பே நிட்டிங் மெஷினுக்கு வந்தவர். துணி ஓடும் மெஷினைச் சுற்றிப் பஞ்சு பனி மாதிரி பறக்கும். மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள் என்றால் மூச்சு முட்டுகிறது என்பார். பஞ்சு போய் உள்ளே உட்கார்ந்துவிட்டது. படி ஏறினால் விசில் சத்தம். பக்கத்து அறை வடக்கத்திப் பையன்கள் கொசுவத்தி கொளுத்தினாலே இருமல் தொடங்கிவிடும், நான் சுவரைத் தட்டுவேன். டாக்டர் இன்ஹேலர் கொடுத்துவிட்டு, "இனிமே புகை பக்கமே போகக்கூடாது. ஊதுபத்திகூட வேண்டாம்" என்றார். இவர் டாக்டரையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் மருந்துச் சீட்டைப் பார்த்துக்கொண்டேன்.

முதல் அமாவாசை ஷிப்மெண்ட் நெருக்கடியில் போயிற்று. இரண்டாவது அமாவாசைக்கு அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார். மூன்றாவது வந்தது.

நான் ஒரு முடிவோடுதான் கிளம்பினேன். மலைவீட்டுக்குப் பக்கத்துச் சுவர்க்காரி, என் வீட்டுக்காரருக்குத் தூரத்து அண்ணன் பெண்டாட்டி, அவர் மதினி என்று கூப்பிடுவார், நான் அக்கா என்பேன். அந்த அக்காவின் மகனுக்குக் கல்யாணமாகி, அவர்கள் வீட்டில் இடநெருக்கடி. நம் வீட்டை அந்தப் பையனுக்கே விட்டுவிடலாம். வீடும் நிற்கும், இவர் நெஞ்சும் பிழைக்கும். எவ்வளவு நல்ல யோசனை. பஸ்ஸில் பக்குவமாகச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று பல்லடத்தில் நினைத்தேன். உடுமலையில் நினைத்தேன். பழனியில் டீ குடித்தபோதும் நினைத்தேன். இவரோ கால்களுக்கு நடுவில் ஒரு சாக்குமூட்டையைப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடச் சுற்றுலா போகிறவர் மாதிரி ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். வாயைத் திறக்க மனசு வரவில்லை.

சாக்குமூட்டையில் என்ன என்று கேட்டேன்.

"வேஸ்ட்டு" என்றார்.

கட்டிங் வேஸ்ட். பனியன் வெட்டியபின் மிஞ்சும் துண்டுதுணி. திருப்பூர்க்காரர்களுக்கு அது சர்வரோக நிவாரணி. தலையணைக்குள் அடைப்போம், வண்டி துடைப்போம், ஒழுகும் குழாயைக் கட்டுவோம். வெந்நீர் அடுப்புக்கு அதைவிட்டால் வேறில்லை. இவர் திட்டம் இதுதான். ஈர விறகோடு பகல் முழுக்கப் போராட அவரால் முடியாது. வேஸ்ட்டை அடுப்பில் திணித்து, மாஸ்க் போட்டுக்கொண்டு உள்ளே போய்த் தீக்குச்சியை மட்டும் கிழித்துப் போட்டுவிட்டு வெளியே வந்துவிடுவார். அந்த வீட்டில் பிறந்தவர் பற்ற வைத்த நெருப்பு, யாரும் குறை சொல்ல முடியாது. கொஞ்ச நேரத்தில் புகை கும்மென்று பரணை நிறைத்துவிடும். மத்தியானப் பஸ்ஸைப் பிடித்துவிடலாம்.

எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஒரு பகல் வேலையை ஒரு நொடியில் முடிக்கிற யோசனை எதுவானாலும் எனக்குப் பிடிக்கும்.

வீடு பூட்டியபடியே இருந்தது. பூட்டில் துரு. உள்ளே போனதும் ஈர மண்வாடை. மேலே பார்த்தேன். நம் வீட்டுக்கு நேர்மேலே மட்டும் புல் வெளுத்து, ஓரிடத்தில் உப்பியிருந்தது. இவர் அடுப்பில் வேஸ்ட்டைத் திணித்தார், மாஸ்க்கை ஏற்றிவிட்டுக்கொண்டார், குச்சியைக் கிழித்தார். நான் அவர் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன்.

புகை வந்தது. அடேயப்பா, வந்தது. நாங்கள் இரண்டு பேரும் மறந்துபோனது ஒன்றுதான். இப்போதெல்லாம் கம்பெனியில் சுத்தப் பருத்தி எங்கே ஓடுகிறது? பாதிக்குப் பாதி பாலியஸ்டர், அதில் லைக்ரா, அதன்மேல் சாயம், பிரிண்டிங் ரப்பர். அது எரியவில்லை, உருகியது. கன்னங்கரேலென்று, பிளாஸ்டிக் கருகும் நாற்றத்தோடு, பரணுக்கு ஏறி இரண்டு பக்கமும் ஓடியது. முதலில் பக்கத்து வீட்டிலிருந்து அக்கா கைக்குழந்தையோடு ஓடிவந்தாள். அப்புறம் அதற்கடுத்த வீடு. அப்புறம் அந்தக் கோடி. வரிசை முழுக்க ஜனம் சந்தில் நின்று கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தது. உப்பிய இடத்திலிருந்து மட்டுமில்லை, அத்தனை வீட்டுக் கூரையிலிருந்தும் எங்கள் கம்பெனிப் புகை வந்துகொண்டிருந்தது. அக்காவின் மகன் வாளித் தண்ணீரோடு உள்ளே பாய்ந்து எல்லாவற்றையும் வாரி வெளியே கொட்டினான்.

இவர் எதிர்ப்பக்கக் கல்லில் உட்கார்ந்து இன்ஹேலரை உறிஞ்சிக்கொண்டிருந்தார். முகம் வெளிறி, உதடு நீலம் பாய்ந்திருந்தது. நான் முதுகை நீவிக்கொண்டே இருந்தேன்.

யாரும் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. அக்கா குழந்தையை மருமகளிடம் கொடுத்துவிட்டு வந்து, கல்லில் கொட்டிக்கிடந்த உருகிய துணியைக் காலால் ஒதுக்கினாள்.

"என்ன கொழுந்தனாரே, நம்ம வீட்டு அடுப்புலயா இதைப் போட்டீக?"

இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இது அடுப்பெரிச்ச கணக்குல சேராது. உங்களுக்கே தெரியும்."

"தெரியும் மதினி."

"இன்னியோட மூணு."

"தெரியும்."

"மறுபடி உள்ள போவீகளா?"

அவர் எழப் பார்த்தார். நான் தோளை அழுத்தி உட்காரவைத்தேன். "அவரு போக மாட்டாருங்கக்கா. டாக்டர் வேண்டான்னு சொல்லிட்டாருங்க" என்றேன்.

"அப்ப நீ குமிழ் வையி. வச்சு, முறையா எரி. வெறகு நாங்க தர்றோம். ஆனா ஒண்ணு, குமிழ் வச்சவ வராம இருக்கக்கூடாது. அமாவாசைக்கு அமாவாசை நீதான் வரணும். முடியாதுன்னா இப்பமே சொல்லிரு, எம்மவன் இன்னைக்கே எரிக்கட்டும். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். கூரை நமுக்கக்கூடாது, அம்புட்டுத்தான்."

அவள் மகனுக்கு வீடு வேண்டும் என்பதால் மிரட்டுகிறாளோ என்று உற்றுப் பார்த்தேன். அப்படி ஒன்றும் தெரியவில்லை. மளிகைக் கடையில் சில்லறை இருக்கிறதா என்று கேட்கிற முகம்தான்.

பஸ்ஸில் என் வாயில் வராத பேச்சை அவளே எடுத்து என் கையில் வைத்துவிட்டாள். முடியாதுங்கக்கா என்று ஒரே ஒரு வார்த்தை. மத்தியானப் பஸ்ஸைப் பிடித்தால் இருட்டும்முன் அருள்புரம். இனி அட்டைப்பூச்சி இல்லை, லீவுக்கு மேனேஜர் முன்னால் நிற்க வேண்டியதில்லை. நான் இவரைப் பார்த்தேன். இவர் என்னைப் பார்க்கவில்லை. சந்து முடிகிற இடத்தில் கீழே இறங்கும் ஒரு சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் இறந்தவர்களைப் புதைக்கிற சரிவு அது. என் மாமனாரும் மாமியாரும் அங்கேதான் இருக்கிறார்கள். அடுப்பு எரியாத வீட்டுக்காரனுக்கு அங்கே இடம் கிடையாது என்று எப்போதோ சொல்லியிருக்கிறார். ஊர்க்கதையாக நினைத்து, ஊம் கொட்டிக் கேட்டிருக்கிறேன்.

"ஏனுங்க, அங்க படுக்கோணும்னுதானுங்களா இத்தனையும்?" என்று கேட்டேன். சுற்றி ஆள் நிற்பதெல்லாம் மறந்துபோயிற்று.

மூச்சு வாங்கிக்கொண்டே, "ஆமா" என்றார்.

"அதுக்கு நான் மாசாமாசம் மலையேறோணும்."

"ஆமா." மறுபடி மூச்சை இழுத்து, "உன்னைய நான் வற்புறுத்தல. அந்த லைன் வீட்டுல இருந்து நம்மள எப்ப வேணாலும் காலி பண்ணச் சொல்லுவாக. இங்க இருந்து யாரும் சொல்ல மாட்டாக. அதான்" என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எத்தனை நாளாக இந்த மனுஷன் தன் சாவைக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்? பக்கத்தில் படுத்திருப்பவள் எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோபத்துக்கு அடியில் பயமும் இருந்தது. அவர் நெஞ்சின் விசில் சத்தம் மாத்திரையில் சரியாகிவிடும் என்றே நான் நம்பிக்கொண்டிருந்தேன். சரியாகாது என்று அவர் முடிவு கட்டிவிட்டார் என்பது அந்தக் கல்பாவிய சந்தில்தான் எனக்குத் தெரிந்தது. அழுகை வந்தது. அத்தனை பேர் முன்னால் அழப் பிடிக்காமல், "மண்ணு எங்கிருக்குதுங்க?" என்று கேட்டேன். கேட்ட தொனியில் அக்காவே கொஞ்சம் பின்வாங்கினாள்.

மண் வீட்டுப் பின்புறம் இருந்தது. சலித்த செம்மண், அதில் நறுக்கிய புல், சாணம், பழைய அடுப்புச் சாம்பல். அக்கா மூன்று குமிழ்களையும் தடவிப் பார்த்து, "இது உங்க மாமியா வச்சது, அது அவுகளுக்கு முன்னாடி வந்தவுக வச்சது, இது யாரு வச்சதுன்னு தெரியாது. இதான் மூத்தது" என்று மூன்றாவதைக் காட்டினாள். ஒரு கல்லை எடுத்துக் கொடுத்தாள். நான் உடைத்தேன். யாரோ பெயர் தெரியாத ஒரு பெண் வைத்தது, ஒரே அடியில் விட்டுவிடவில்லை, நாலைந்து அடி வாங்கிக்கொண்டுதான் பெயர்ந்தது.

மத்தியானப் பஸ்ஸை மனசில் வைத்துக்கொண்டு மளமளவென்று பிசைந்தேன், உருட்டினேன், அப்பினேன், தட்டினேன். முடிந்தது என்று எழுந்தேன். அக்கா குனிந்து பார்த்தாள். விரலால் ஒரு தட்டு தட்டினாள். குமிழ் பக்கவாட்டில் வாய் பிளந்தது.

"இன்னொருக்கா வையி" என்றாள்.

நாள் முழுக்க அடுத்தவள் தைத்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, திருத்தித் தைக்கச் சொல்லி ஆல்டர் என்று ஸ்டிக்கர் ஒட்டி வீசுகிறவள் நான். அன்றைக்கு என் பீஸ் ரிஜெக்ட் ஆனது. இரண்டாவதையும் தட்டினாள், அதுவும் பிளந்தது. "சாமி வரம் கொடுத்தாலும் இந்த அக்கா கொடுக்க மாட்டா போலிருக்குது" என்று முணுமுணுத்தேன். அவளுக்குக் கேட்டுவிட்டது. சிரித்தாள். "அவசரமாப் பிசஞ்சா உள்ள காத்து நிக்கும்மா. காத்து நின்னா சூட்டுல வெடிச்சிரும்" என்றாள். மூன்றாவதைப் பிசைந்து முடிப்பதற்குள் மத்தியானப் பஸ் கீழே வளைவில் ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று. கேட்டுக்கொண்டே பிசைந்தேன். அந்தக் குமிழ் நின்றது.

விறகு வரிசையிலிருந்து வந்தது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு கட்டு. விறகு வாங்கலாம், நெருப்பு மட்டும் கடன் வாங்கக்கூடாதாம். நானே குச்சி கிழித்தேன். ஈரக் குமிழ் அந்த நெருப்பிலேயேதான் காய வேண்டும். பெரிதாக எரியவிட்டால் குமிழ் வெடிக்கும், சிறிதாக விட்டால் அணையும். விறகை இழுத்துத் தள்ளி, ஊதி, மறுபடி இழுத்து, இப்படியே. எழுந்து போய் அவரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நினைத்து எழுந்தால், பின்னால் அணைந்துவிடும். நான்கைந்து முறை எழுந்து, நான்கைந்து முறை முதலிலிருந்து ஆரம்பித்தேன். பிறகு எழவில்லை. கால் மரத்துப்போயிற்று. கண்ணிலிருந்து நீர் வடிந்தது. புகை என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

இடையில் கேமராவோடு மூன்று பிள்ளைகள் வாசலில் குனிந்து எட்டிப் பார்த்தார்கள். "ஆன்ட்டி, அப்படியே இருங்க. கொஞ்சம் ஊதுங்களேன், புகை சூப்பரா வருது" என்றாள் ஒருத்தி.

"உள்ள வந்து நீங்க ஊதுங்க கண்ணு, நான் எடுக்கறேன்" என்றேன். போய்விட்டார்கள்.

தாழ்ந்த வாசல் வழியாக எனக்குத் தெரிந்தது சந்தின் ஒரு துண்டும், எதிர்க்கல்லும், அதில் அவருடைய இரண்டு வெறுங்கால்களும்தான். காற்று அந்தப் பக்கம் திரும்பினால் கால்கள் எழுந்து நாலடி தள்ளிப் போகும். நின்றதும் திரும்ப வந்து கல்லில் உட்காரும். முகம் தெரியவில்லை. பிற்பகலில் அந்தக் கால்கள் எழுந்து நின்றன. நெடுநேரம் அசையவில்லை. மயக்கமோ என்று பதறி, விறகை விட்டுவிட்டு வாசலுக்குக் குனிந்து ஓடினேன். அவர் அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த உப்பிய புல்லின் வழியே வெள்ளையாக, நிதானமாக, எங்கள் வீட்டுப் புகை கசிந்துகொண்டிருந்தது. கறுப்பு இல்லை. நாற்றமில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. "உள்ள போ, அணஞ்சிரப் போகுது" என்று என்னை விரட்டினார்.

பொழுது சாய்ந்தபோது அக்கா வந்து குமிழைத் தொட்டுப் பார்த்தாள். "சரி" என்றாள். அவ்வளவுதான். பாராட்டெல்லாம் இல்லை.

கடைசிப் பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்தோம். கொஞ்ச தூரத்திலேயே அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. நான் தண்ணீர் கொடுத்தேன், இன்ஹேலர் எடுத்துக் கொடுத்தேன். அப்புறம்தான் உறைத்தது. என் முடியில் புகை, சேலையில் புகை, தோலில் புகை. நான்தான் அவரை இரும வைத்துக்கொண்டிருந்தேன். எழுந்து போய் முன்னால் கண்டக்டர் பக்கத்தில் நின்றேன். பழனிவரை நின்றே வந்தேன், பழனியில் பஸ் மாறி அருள்புரம் வரையிலும் தள்ளித்தான் உட்கார்ந்தேன். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டோம்.

இப்போது நான் தனியாகத்தான் போகிறேன். அவரால் ஏற்றத்தில் நடக்க முடிவதில்லை. அமாவாசை லீவுக்கு நான் வாய் திறந்தாலே மேனேஜர், "உங்களுக்கு மட்டும் ஏனுங்க மாசாமாசம் மலை கூப்பிடுது?" என்கிறார். குலதெய்வம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அட்டைப்பூச்சியைத் திட்டிக்கொண்டே போகிறேன். அடுப்பு முன்னால் உட்கார்ந்தால் இன்னமும் கால் பரபரக்கிறது. அந்த ஊர்மேல் எனக்குப் பெரிய ஆசை ஒன்றும் வந்துவிடவில்லை. வரும் என்றும் தோன்றவில்லை. என் குமிழ் மட்டும் மற்ற இரண்டைவிட ஒரு விரல் உயரம், சட்டி எப்போதும் கொஞ்சம் சாய்ந்துதான் உட்கார்கிறது.

மலைக்கு மாற்றுச் சேலை கொண்டுபோவேன். எரித்து முடித்ததும் ஊர்க் குழாயடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, புகைபிடித்த சேலையை ஒரு பாலி பேக்கில் மடித்துப் போட்டு, வாயை டேப் போட்டு ஒட்டிவிடுவேன். ஏற்றுமதிக்குப் போகிற பனியன்கூட அத்தனை ஜாக்கிரதையாகப் பேக் ஆகாது. மறுநாள் விடிந்ததும் நேரே துவைக்கிற கல்லுக்குக் கொண்டுபோய் ஊறவைத்துவிட வேண்டும் என்பது என் ஏற்பாடு.

போன அமாவாசைக்கு மறுநாள் காலையில், பக்கெட்டில் தண்ணீர் பிடித்துவைத்துவிட்டுச் சேலையை எடுக்க வந்தால், பாலி பேக் வைத்த இடத்தில் இல்லை. அவர் அதை எடுத்துக்கொண்டு வாசலில், காற்றோட்டமான இடத்தில் போய் நின்றிருந்தார். டேப்பை நகத்தால் கொஞ்சமே கொஞ்சம் பிரித்தார். மூக்கை அந்த இடுக்கில் வைத்தார். நான் ஓடிப்போய்ப் பிடுங்குவதற்குள் ஒரு இழுப்பு இழுத்துவிட்டார். இருமல் வந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வர இருமினார். பக்கத்து அறைப் பையன்கள் கதவைத் திறந்து பார்த்தார்கள். நான் ஒரு கையில் இன்ஹேலரும் ஒரு கையில் பாலி பேக்குமாகத் திட்டிக்கொண்டே நின்றேன்.

இருமல் அடங்கியதும் அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஈர விறகு போட்டியோ?"

"மழைங்க. நான் என்ன பண்றது" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். "இருந்தாலும் நல்லாத்தான் எரிஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு, பிரித்த டேப்பை விரலால் நீவி மறுபடி ஒட்டி, பேக்கை என்னிடம் கொடுத்தார். நான் அதைத் துவைக்கிற கல்லுக்குக் கொண்டுபோகவில்லை. அடுத்த அமாவாசைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அலமாரியின் மேல்தட்டில், அவர் கைக்கு எட்டுகிற இடத்திலேயே வைத்தேன்.